வாள் உறையில் இருக்கும் நேரம்: பழைய சாமுராய் படங்களைப் பார்க்கும் முறை

சாமுராய் படம் என்றாலே வாள் சண்டைதான் என்று எண்ணி உட்காருகிறவர்களில் பலர் அரை மணி நேரத்துக்குள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம் ஓடுகிறது. கிராமத்தின் மீதான முற்றுகை இடைவேளைக்குப் பிறகுதான் வருகிறது. மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’யில் (1962) கதாநாயகன் பெரும்பாலான நேரம் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். குரோசாவாவின் ‘சஞ்சுரோ’வில் (1962) கடைசி மோதல் ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிடுகிறது.

இந்த இயக்குநர்கள் இருவரும் சண்டைக் காட்சி எடுப்பதில் கரை கண்டவர்கள். அப்படியிருந்தும், வாள் உறைக்குள் இருக்கும் நேரத்தில்தான் கதையை நடத்தினார்கள். யார் எங்கே உட்காருகிறார், வாளை எந்தப் பக்கம் வைக்கிறார், கைக்கும் வாள் பிடிக்கும் நடுவே எவ்வளவு தூரம், அவருக்குச் சோறு போடுவது யார் என்று கவனிக்கப் பழகிவிட்டால், வாள் வெளியே வரும் நொடியில் அது ஏன் வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததிலும், புதியவர்களுக்குப் போட்டுக் காட்டியதிலும் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவிகள் நடுநடுவே தாமாகவே ஃபிரேம்களை உண்டாக்கிச் சேர்க்கின்றன. எல்ஜியில் அதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. அது ஓடிக்கொண்டிருந்தால் வாள்வீச்சு எண்ணெயில் வழுக்குவது போல நகரும், வெட்டின் கூர்மை போய்விடும். அதை அணைத்துவிட்டு சினிமா அல்லது ஃபிலிம் மேக்கர் மோடுக்கு மாறுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் வேண்டாம். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; அதிகம் வைத்தால் ஃபிலிமின் மணல்மணலான தன்மை புழுக்கள் நெளிவது போலத் தெரியும்.

வெளிச்சம் சரியா என்று பார்க்க ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) நல்ல சோதனை. இசுசு யமதா நடித்த அசாஜி, காவலர்களுக்குக் கொடுக்கும் மதுவை எடுக்க இருண்ட அறைக்குள் போவார். இருட்டு அவரை அப்படியே விழுங்கிவிட்டு, பிறகு ஜாடியோடு வெளியே விட வேண்டும். அந்த இருட்டில் சாம்பல் நிறச் சுவர் தெரிந்தால் பிரைட்னஸ் கூடுதல் என்று பொருள். அதே காட்சியில் அவருடைய பட்டு உடை தரையில் உரசும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஒலி அமைப்பில் ஏதோ தப்பு இருக்கிறது. பெரும்பாலும் நைட் மோட் குற்றவாளியாக இருக்கும். அது சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவாக்கிவிடும். சாமுராய் படத்தில் மௌனத்தைத் தொலைத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. இவற்றில் பல மோனோ ஒலியில் வந்தவை. போலி சரவுண்டையும் நிறுத்துங்கள். வசனம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு ரிமோட்டைத் தள்ளி வையுங்கள்.

படத்தின் அகலத்தையும் கவனியுங்கள். ‘செவன் சாமுராய்’ ஏறக்குறைய சதுரமான பழைய வடிவம், 1.37:1. இடமும் வலமும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். குரோசாவா அகலத் திரைக்கு மாறியது 1958இல், ‘த ஹிடன் ஃபோர்ட்ரஸ்’ படத்தில். அதற்குப் பிறகு வந்த ‘யோஜிம்போ’ (1961) 2.35:1, அதில் பட்டை மேலும் கீழும் வரும். பட்டையைப் பிடிக்காமல் சிலர் ஜூம் போட்டுவிடுவார்கள். ‘யோஜிம்போ’வில் ஒரு கும்பல் திரையின் இடது ஓரம், இன்னொரு கும்பல் வலது ஓரம், நடுவே வெறும் தெரு. ஜூம் போட்டால் இரண்டு கும்பலும் காணாமல் போய்த் தெரு மட்டும் மிஞ்சும்.

ஓடும் நேரத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். பழைய ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடுவதால் 207 நிமிடப் படம் சுமார் 199 நிமிடத்தில் முடியும். குரல்கள் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், படம் முழுசாகவே இருக்கும். மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அது வெட்டிய பிரதி. சாமுராய்களைத் தேடிச் சேர்க்கும் முதல் பகுதி குறைந்துபோனால், பின்னால் ஒவ்வொருவர் சாகும்போதும் நமக்கு ஏதும் இழப்புத் தோன்றாது.

எந்தக் காலம், யார் சோறு போடுகிறார்கள்

படம் தொடங்கியதும் காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு ஆண்டுகள் நினைவில் இருந்தால் போதும். 1600இல் செகிகஹாரா போர். 1603இல் தோகுகாவா வம்சத்தின் ஆட்சி தொடக்கம். 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ச்சி. 1868இல் ஆட்சியின் முடிவு. 1600க்கு முந்தைய கதை என்றால் கவசம், குதிரை, சேறு, எரியும் கோட்டை. நாடே போர்க்களம். யார் வேண்டுமானாலும் வாள் தூக்கலாம், திறமை இருந்தால் மேலே வரலாம். 1615க்குப் பிறகு நிலைமை தலைகீழ். 1637இல் மூண்ட ஷிமபாரா கிளர்ச்சியை விட்டால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரிய போரே இல்லை. போர் செய்யவே பிறந்த வகுப்பு, கணக்கெழுதவும் வாசலில் காவல் நிற்கவும் உட்கார்ந்துவிட்டது. தலைவனை இழந்தவர்கள் ரோனின்களாக ஊர் ஊராக அலைந்தார்கள். 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்ததிலிருந்து 1868 வரைக்கும் படுகொலை, சதி, கைத்துப்பாக்கி. ‘யோஜிம்போ’ நடப்பது இந்தக் கடைசிக் காலத்தில். அதனால்தான் அங்கே ஒருவன் கிமோனோவுக்குள் ரிவால்வரை வைத்திருக்கிறான்.

சாமுராயின் தகுதியை அரிசியில்தான் அளப்பார்கள். ஒரு கோகு என்பது சுமார் 180 லிட்டர், எடையில் 150 கிலோ அளவு. ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடப் போதுமான அரிசி என்று கணக்கு. 10,000 கோகுவும் அதற்கு மேலும் விளையும் நிலம் இருந்தால் அவர் டைம்யோ, அதாவது பிரபு. யோஜி யமதாவின் ‘த ட்விலைட் சாமுராய்’ (2002) நாயகனுக்குச் சம்பளம் 50 கோகு. பெரிய எண் போலக் கேட்கும். கடன், மனைவியின் நோய்ச் செலவு, குடும்பம் என்று பிரித்துப் பார்த்தால் அவர் ஏன் மாலையானதும் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூச்சிக் கூடு முடைகிறார் என்று புரியும். வசனத்தில் கோகு என்று வந்தால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆள் எவ்வளவு தூரம் வளைந்துகொடுப்பார் என்பதற்கு அதுவே அளவு.

இடுப்பு, கை, தலைமுடி

சாமுராய் இரண்டு வாள் அணிவார். நீண்ட கத்தானாவின் அலகு 60 சென்டிமீட்டருக்கு மேல். குட்டையான வாகிசாஷி 30க்கும் 60க்கும் இடையே. இரண்டும் இடது இடுப்பில், கூர்ப்பக்கம் வானம் பார்க்க இருக்கும். வலது கையால் உருவுவார்கள். உருவும் முன்னே இடது கட்டைவிரல் கைக்காப்பை மெல்ல முன்னுக்குத் தள்ளி, உறையின் வாயிலிருந்து வாளை விடுவிக்கும். அந்தக் கட்டைவிரலைப் பாருங்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது, பேச்சு மரியாதையாகவே போய்க்கொண்டிருக்கும், விரல் மட்டும் நகர்ந்திருக்கும். சண்டை அங்கேயே தொடங்கியாயிற்று.

பிறர் வீட்டுக்குப் போனால் நீண்ட வாளை இடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். உட்காரும்போது வலது பக்கம் வைத்தால் உன் மேல் எனக்குச் சந்தேகமில்லை என்று பொருள், ஏனென்றால் அங்கிருந்து சட்டென்று உருவ முடியாது. இடது பக்கம் வைத்தால் நான் தயாராக இருக்கிறேன் என்று பொருள். பேச்சுவார்த்தைக் காட்சி சலிப்பாகத் தோன்றினால் வாள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மட்டும் பாருங்கள், சலிப்பு போய்விடும்.

நெற்றியிலிருந்து உச்சி வரை மழித்துப் பின்னால் குடுமி கட்டியிருந்தால் வேலையில் இருக்கிறவர். மழித்த இடத்தில் முடி வளர்ந்து கிடந்தால் பெரும்பாலும் ரோனின். குடுமி போவது உயிர் போவதற்கு அடுத்தபடியான அவமானம். ‘செவன் சாமுராய்’ தொடக்கத்தில் தகாஷி ஷிமுரா நடித்த காம்பெய், ஒரு குழந்தையைக் காப்பாற்றப் பிக்கு வேடம் போடுவதற்காக ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன் குடுமியை எடுக்கச் சொல்வார். சுற்றி நிற்கும் கூட்டம் வாயடைத்துப் போய்ப் பார்க்கும். கூட்டம் ஏன் அப்படிப் பார்க்கிறது என்று தெரியாவிட்டால் அது வெறும் முடிவெட்டும் காட்சி. தெரிந்தால், இந்த மனிதரை நம்பி ஒரு கிராமமே உயிரைக் கொடுக்கலாம் என்று அப்போதே தோன்றிவிடும். அதற்குப் பிறகு படம் முழுக்க அவர் யோசிக்கும்போதெல்லாம் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

மரியாதைப் படிநிலையும் முக்கியம். ஜப்பானியப் பேச்சில் அது வார்த்தைக்கு வார்த்தை தெரியும். ஆங்கில சப்டைட்டிலில் எல்லாம் ஒரே தட்டையாகிவிடுகிறது. அதனால் குனியும் அளவைப் பாருங்கள்: யார் முதலில் குனிகிறார், யார் முதலில் நிமிர்கிறார் என்று.

ஒரு மோதலைத் துண்டு துண்டாக

‘சஞ்சுரோ’வின் முடிவைப் பத்து தடவை போட்டுப் பார்க்கலாம். தோஷிரோ மிஃபுனேயும் தட்சுயா நகடாயும் எதிரெதிரே நிற்கிறார்கள். கேமரா பக்கவாட்டில், அசையாமல். பின்னால் இளைஞர்கள் நின்று பார்க்கிறார்கள். இசை இல்லை. அரை நிமிடத்துக்குக் கிட்ட ஒன்றுமே நடக்காது.

முதல் தடவை பார்க்கும்போது இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் கவனியுங்கள். வழக்கமாக வாள் வீரர்கள் ஓர் அடி முன்வைத்தால் எட்டும் தூரத்தில் நிற்பார்கள். இவர்கள் அதைவிட ரொம்ப நெருக்கம், வாளின் நீளத்துக்கும் குறைவு. இந்த நெருக்கத்தில் தற்காத்துக்கொள்ள வழியே இல்லை, முந்துகிறவர் மட்டும்தான் பிழைப்பார். இரண்டாம் தடவை கைகளைப் பாருங்கள், முடிந்தால் ஃபிரேம் ஃபிரேமாக. நகடாய் முறைப்படி வலது கையால் உருவி மேலே ஓங்குகிறார். அந்தக் கை உடம்பைக் கடந்து இடது இடுப்புக்குப் போய், 70 சென்டிமீட்டர் அலகை முழுசாக வெளியே இழுத்து, தலைக்கு மேல் போய், பிறகுதான் கீழே வர வேண்டும். மிஃபுனேயோ இடது கையாலேயே பிடியைத் தலைகீழாகப் பற்றி உருவி, அலகின் முதுகை வலது கையால் தள்ளுகிறார். வாள் வெளியே வரும் பாதையே வெட்டும் பாதை. அந்தப் பாதிப் பாதை மிச்சமானதுதான் வெற்றி. மூன்றாம் தடவை இளைஞர்களின் முகத்தைப் பாருங்கள். ரத்தம் பீறிட்டதும் ஒருவன் வியந்து பாராட்டுகிறான். மிஃபுனே அவன் மேல் எரிந்து விழுகிறார். படத்தின் முற்பகுதியில் ஒரு வயதான அம்மாள் அவரிடம், நல்ல வாள் உறையிலேயே இருக்கும் என்று சொல்லியிருப்பார். அந்தப் பேச்சு அப்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது. இங்கே அது சுடுகிறது.

அந்த ரத்தப் பீறலைப் பார்த்து அடுத்த பத்தாண்டில் எத்தனையோ படங்கள் ரத்தத்தை வாரி இறைத்தன. அரை நிமிட மௌனத்தை எடுத்துக்கொண்டவை குறைவு.

இதற்கு முந்தைய 1950களின் தோயெய் கம்பெனிப் படங்களைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கே சண்டை, கபுகி என்ற மரபு நாடக மேடையிலிருந்து வந்த நடனம். நாயகன் சுழல்வார், இருபது பேர் அழகாக விழுவார்கள், ரத்தம் இருக்காது, ஒப்பனை கலையாது. அதையும் ரசிக்கலாம், ஆனால் நடனமாகவே ரசிக்க வேண்டும். ‘யோஜிம்போ’, ‘சஞ்சுரோ’ இரண்டுக்கும் சண்டை அமைத்தவர் ரியூ குசே. அவர் வழி வேறு: கூட்டத்துக்குள் பாய்ந்து, சில நொடியில் வெட்டி முடித்து, வெளியேறிவிடுவது. சதை வெட்டுப்படும் சத்தம் ஜப்பானியப் படங்களில் பரவியதும் இந்தக் காலத்தில்தான்.

‘செவன் சாமுராய்’: காகிதமும் பென்சிலும் வேண்டும்

இந்தப் படத்தைக் கையில் ஒரு தாளோடு பாருங்கள். கிராமத்தின் வரைபடத்தைக் காம்பெய் நமக்கே விளக்குகிறார். மேற்கே வேலி. தெற்கே வயலில் தண்ணீர் கட்டி அகழியாக்குவார்கள். கிழக்கே பாலத்தை உடைத்துவிடுவார்கள். வடக்கே காட்டுவழியை வேண்டுமென்றே திறந்து வைப்பார்கள், எதிரி அங்கேதான் வர வேண்டும் என்பதற்காக. வந்தவர்களில் ஓரிருவரை மட்டும் உள்ளே விட்டு வழியை அடைப்பது திட்டம். பாலத்துக்கு அப்பால் மூன்று வீடுகளும் ஊர்ப் பெரியவரின் தண்ணீர் ஆலையும் கைவிடப்படுகின்றன. அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டியை எறிந்துவிட்டுக் கிளம்பும்போது காம்பெய் வாளை உருவி அவர்களை வரிசைக்குத் திரும்ப ஓட்டுகிறார். தான் காக்க வந்த ஊர்க்காரர்களுக்கு எதிராக அவர் வாளை உருவும் இடம் அது ஒன்றுதான், அத்தோடு இடைவேளை. இந்த நான்கு திசையையும் தாளில் குறித்துக்கொண்டால், பிற்பாதியில் யார் எங்கே ஓடுகிறார்கள் என்ற குழப்பமே வராது.

எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். கொள்ளையர் 40 பேர். காம்பெய் காகிதத்தில் 40 வட்டம் போட்டு, ஒவ்வொருவர் விழும்போதும் அடிப்பார். கடைசி நாள் காலையில் மிஞ்சியவர்கள் 13 பேர், அவர்களை மொத்தமாக உள்ளே விடுகிறார்கள். கிராமத்தின் கொடியும் ஒரு கணக்குதான்: ஆறு வட்டம் ஆறு சாமுராய்களுக்கு, ஒரு முக்கோணம் மிஃபுனே நடித்த கிகுச்சியோவுக்கு, கீழே ‘தா’ என்ற எழுத்து விவசாயிகளுக்கு.

சோற்றையும் மறக்காதீர்கள். சாமுராய்களுக்குக் கூலி வெறும் சாப்பாடுதான். அந்த அரிசியைக் கொடுத்துவிட்டு விவசாயிகள் குதிரைவாலி மாதிரியான தானியத்தைத் தின்கிறார்கள். அரிசி திருட்டுப் போன பிறகு ஒருவன் தரையில் சிந்திய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். காம்பெய் சோற்றுக் கிண்ணத்தை ஏந்தி, இதை வீணாக்க மாட்டேன் என்று சொல்லும் நொடியில் ஒப்பந்தம் முடிகிறது. வாளுக்கும் அரிசிக்கும் உள்ள உறவை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறு இல்லை என்பது எங்கள் முடிவான கருத்து.

கவசக் காட்சியில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். விவசாயிகள் ஒளித்து வைத்திருந்த கவசங்களைக் கிகுச்சியோ சந்தோஷமாகக் கொண்டுவருகிறார். மற்ற ஆறு பேரும் உறைந்துபோகிறார்கள், ஏனென்றால் அவை தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று உரித்தவை. (அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1588இல் விவசாயிகளின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார், கதை அதற்கு முந்தைய காலத்தது என்பதால் இது பொருந்துகிறது.) விவசாயி கஞ்சன், பொய்யன், கொலைகாரன் என்று கத்தத் தொடங்கும் கிகுச்சியோ, அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று சாமுராய்களைப் பார்த்துத் திரும்புகிறார். அவர் எங்கிருந்து வந்தவர் என்று காம்பெய்க்கு அந்த இடத்தில் புரிகிறது, நமக்கும்தான்.

கடைசிப் போருக்கு முன்னால் கிகுச்சியோ பல வாள்களை உருவி மண்ணில் நட்டு வைப்பார். ஒரே வாளால் பல பேரை வெட்ட முடியாது. கொழுப்பும் எலும்பும் பட்டுக் கூர் மழுங்கும், வளையும். ஒரே கத்தியால் ஐம்பது பேரைச் சாய்க்கும் படங்களை இந்தக் காட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

ஏழு பேரில் இறக்கும் நால்வரும் துப்பாக்கியால்தான் இறக்கிறார்கள். ஒருவர்கூட வாளால் சாகவில்லை. ஜப்பானுக்குத் துப்பாக்கி வந்தது 1543இல், தனேகாஷிமா தீவில் போர்ச்சுக்கீசியர் வழியாக. அந்த ஏழு பேரிலேயே மிகத் தேர்ந்த வாள் வீரரான கியூசோவை, ஒளிந்திருக்கும் ஒருவன் விரலை அசைத்து வீழ்த்துகிறான். இதே கணக்கு ‘ஹராகிரி’யிலும், கோபயாஷியின் ‘சாமுராய் ரெபெல்லியன்’ (1967) படத்திலும் திரும்ப வருகிறது. இந்த இயக்குநர்கள் வாளைப் போற்றுகிறார்களா, அதற்கு விடைகொடுக்கிறார்களா என்ற கேள்விக்கு இந்த மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

‘ஹராகிரி’: மூன்று பெயர்கள்

ஆண்டு 1630. இடம் எதோ (இன்றைய டோக்கியோ) நகரில் இயி பிரபுவின் மாளிகை. நகடாய் நடித்த த்சுகுமோ ஹன்ஷிரோ என்ற ரோனின், வயிற்றைக் கிழித்து மானத்தோடு சாக முற்றம் ஒன்றைக் கேட்டு வருகிறார். அவருடைய தலைவர் ஃபுகுஷிமா 1619இல் ஹிரோஷிமா ஆட்சிப்பகுதியை இழந்தவர். அது வரலாற்றில் நடந்ததே. வேலையற்ற ரோனின்கள் இப்படிக் கேட்டு வந்து, சில காசுகளை வாங்கிக்கொண்டு போவது அப்போது பெருகியிருந்தது என்று படம் சொல்கிறது. பிரபு வீட்டார் ஒரு முடிவு எடுத்தார்கள்: அடுத்து வருகிறவனை உண்மையிலேயே சாகவைப்பது.

மாட்டிக்கொண்ட இளைஞனின் வாள் மூங்கில். வறுமையில் உண்மையான அலகை விற்றாயிற்று. அந்த மூங்கிலாலேயே அவனை முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காட்சி நீளமானது, கடுமையானது; யாருக்காவது போட்டுக் காட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து போனால் படத்தின் இரண்டாம் பாதி கைவிட்டுப் போகும், அங்கேதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

ஹன்ஷிரோ தன் தலையை வெட்டும் துணையாளாக ஒருவர் பெயரைச் சொல்வார். அவர் உடம்பு சரியில்லை என்று அன்று வரவில்லை. வேறொரு பெயர், அவரும் வரவில்லை. மூன்றாவது பெயர், அவரும். இந்த மூன்று பெயர்களையும் கேட்டதும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒமோதாகா, யாசாகி, கவாபே. முற்றத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுற்றி நிற்கும் ஒரு படையையே எப்படிக் கட்டிப்போடுகிறார் என்பது இந்தப் பெயர்களில் இருக்கிறது. டோரு தகெமிட்சுவின் இசையில் பிவா என்ற தந்திக்கருவி எப்போதாவது ஒரு சுண்டு சுண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சுண்டல் விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு பார்த்தால், முகங்களில் ஏதோ மாறியிருக்கும்.

நகடாய்க்கு அப்போது வயது 30 கூட ஆகவில்லை. பேரக் குழந்தையுள்ள மனிதராக நடிக்கிறார். குரலைக் கேட்டால் அந்த இளவயதை நம்பவே முடியாது.

கோபயாஷி இரண்டாம் உலகப் போரில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர். பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தார். தோற்ற ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தலைமையகம் 1945இல் 13 வகைக் கருக்களுக்குத் தடை விதித்தது. பழிவாங்கலும் நிலப்பிரபு விசுவாசமும் அதில் அடங்கும். 1952 வரை வாள் படங்கள் முடங்கிக் கிடந்தன. தடை நீங்கியதும் வந்த இயக்குநர்களில் பலர் பழைய வீர வழிபாட்டுக்குத் திரும்ப மறுத்தவர்கள். புஷிதோ என்ற வீர நெறியைக் கொண்டாடும் படங்கள் என்று எண்ணி ‘ஹராகிரி’யைப் பார்த்தால் படம் முழுக்கத் தலைகீழாகப் புரியும்.

எங்கே தொடங்குவது, எங்கே தொடங்கக் கூடாது

முதலில் ‘யோஜிம்போ’. 110 நிமிடம், ஒரே தெரு, இரண்டு கும்பல், நடுவே ஒரு சாப்பாட்டுக் கடை. நிலவரம் உடனே புரிந்துவிடும். அடுத்து 96 நிமிட ‘சஞ்சுரோ’. அதற்குப் பிறகு ‘செவன் சாமுராய்’, இடைவேளையில் உண்மையாகவே எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு. பிறகு ‘ஹராகிரி’, இதை மட்டும் ஒரே மூச்சில். நினைவுக்குள் நினைவாகக் கதை போவதால் இரண்டு நாளாகப் பிரித்தால் அறுந்துவிடும்.

கிஹாச்சி ஒகமோட்டோவின் ‘த ஸ்வோர்ட் ஆஃப் டூம்’ (1966) பிரமாதமான படம், தொடங்குவதற்கு மட்டும் ஏற்றதல்ல. நீண்ட நாவலிலிருந்து எடுத்தது. தொடர்ச்சி எடுக்கும் எண்ணத்தில் பல இழைகளை விரித்துவிட்டு, தொடர்ச்சி வராமலே நின்றுபோனது. கடைசிச் சண்டை நடுவிலேயே உறைந்துவிடும். தெரியாமல் பார்ப்பவர்கள் டிஸ்க் சிக்கிக்கொண்டது என்றே நினைப்பார்கள். அதில் பனியில் மிஃபுனே தனியாகப் போரிடும் காட்சியை மட்டும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அதேபோல மிசோகுச்சியின் 47 ரோனின் படம் (1941-42) நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும்; எல்லாரும் காத்திருக்கும் பழிவாங்கும் தாக்குதலைத் திரையில் காட்டவே காட்டாது. அதன் நிதானத்துக்குக் கண் பழகிய பிறகு எடுங்கள்.

‘ஹராகிரி’ பிடித்திருந்தால் ஒகமோட்டோவின் ‘சாமுராய் அசாசின்’ (1965) கட்டாயம் பாருங்கள். 1860இல் சகுராதா வாயிலில், கொட்டும் பனியில் படுகொலையான இயி நாவோசுகே, ‘ஹராகிரி’யில் வரும் அதே இயி வம்சத்தவர். 230 ஆண்டு இடைவெளியில் ஒரே குடும்பத்தை இரண்டு படங்களும் காட்டுகின்றன.

ஷின்டாரோ காட்சுவின் சாடோஇச்சி படங்கள் 1962இல் தொடங்கி 1973 வரை 25, பிறகு 1989இல் ஒன்று. நாயகன் சாமுராய் அல்ல. பார்வையற்ற உடல்பிடி வைத்தியர், சூதாடி. ஊன்றுகோலுக்குள் வாள், தலைகீழ்ப் பிடி. அவர் தலையைச் சாய்த்து எதைக் கேட்கிறார் என்று நாமும் கேட்க வேண்டும். கென்ஜி மிசுமி இயக்கிய முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள். அதில் சண்டை குறைவு, நோயாளி வாள்வீரன் ஒருவனோடு ஏற்படும் நட்பு அதிகம்.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதை டிஸ்க்கின் மண்டலக் குறி முடிவுசெய்யும். இந்தியா ப்ளூ ரேயில் சி மண்டலம், டிவிடியில் 5. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிடும் ப்ளூ ரேக்கள் பெரும்பாலும் ஏ மண்டலம், பிரிட்டிஷ் வெளியீடுகள் பெரும்பாலும் பி. நம் ஊர் பிளேயரில் அவை ஓடாது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜப்பானிய வெளியீடுகள் ஏ மண்டலம், படத்தரம் நன்றாக இருக்கும், ஆனால் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் கிடையாது. பணம் கட்டும் முன் உறையின் பின்பக்கத்தில் சப்டைட்டில் மொழி எது என்று பார்த்துவிடுங்கள்.